ஆளுக்கு இரண்டு

சவரிநாதன் சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டுவந்தது
இரண்டு படம்.
ஆடிப்பெருக்குக்கு மறுநாள். அரசலாற்றுப் பாலத்தூணில்
யாரோ விட்ட கதம்பம் இன்னும் சிக்கிக் கிடந்தது.
"அந்தக் காலத்து வெள்ளைக்காரன் அச்சு.
பூச்சி அரிக்காம பிரேம் போடு, செய்தூன்."

முதலாவதில் நாடக மேடை.
பந்தல் அகலத்துக்குப் பாவாடை விரித்த ஒருத்தி
தோழியின் கையில் கடிதம் திணிக்கிறாள்.
இரண்டாவதில் அந்தக் கடிதம்
பொய்மயிர்க் கிழவன் கைக்குப் போய்விட்டது.
அவன் முதுகுக்குப் பின்னால் திரை.
திரைக்கு அடியில்
ஒரு ஜோடி சப்பாத்து மட்டும்.

உள்ளே நிற்கிறவன்
இருநூறு வருஷமாக மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறான்.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்
ஆளும் இல்லை, மெழுகுவத்தியும் இல்லை.
எல்லாம் கோடு.
செம்புத் தகட்டை ஊசியால் உழுதிருக்கிறான்.
இருட்டு வேண்டிய இடத்தில் குறுக்குச்சால்;
சுடர் வேண்டிய இடத்தைத்
தரிசாக விட்டிருக்கிறான்.

அடுத்த செவ்வாய்
அமலோற்பவம் ஆட்டோவில் வந்து இறங்கினாள்.
மடியில் இரண்டு படம்.
அதே பாவாடை, அதே கிழவன்,
ஓரத்தில் அதே நெளிந்த எழுத்து.

மூன்றாவதில் தோட்டம், ஏணி, உருவிய கத்தி,
புல்லில் கழன்று கிடக்கும் முகமூடி.
நான்காவதில்
எல்லோரும் மண்டியிட்டிருக்க
கிழவன் தன் பொய்மயிரைத் தானே கழற்றிவிட்டுச் சிரிக்கிறான்.

அப்பாவின் பிரான்சு பென்ஷனில் பிடித்த சண்டை.
வீட்டை விற்றார்கள்.
கட்டில், அலமாரி, வெண்கலப் பானை, படம்,
எல்லாம் ஆளுக்குப் பாதி.
தம்பி கோட்டுச்சேரி, அக்கா நிரவி.
நடுவில் ஒரு ஆறு, ஆறு வருஷம்.

"இது என்ன கதை?" என்று அவரைக் கேட்டிருந்தேன்.
"கடுதாசி தப்பான கைக்குப் போச்சு.
அதோட முடிஞ்சுது."
அவளையும் கேட்டேன்.
"எதுக்குன்னே தெரியாம ஒருத்தன் கத்தியை உருவுறான்,
அப்புறம் சிரிக்கிறானுங்க.
கிறுக்குப் பசங்க."

நாலையும் வரிசையாகப் பார்த்த கண்
இந்த ஊரில் என்னுடையது மட்டும்.
இஷாவுக்குப் பிறகு கரண்ட் போயிற்று.
எமர்ஜென்சி விளக்கை மேசையில் சாய்த்துவைத்தேன்.
வாப்பா இருந்தால் கையை முறித்திருப்பார்:
அடுத்தவர் பொருள் அமானிதம்.
ஆனாலும்
இரண்டாவதை அக்காவின் சட்டத்தில் போட்டேன்.
மூன்றாவதைத் தம்பியின் சட்டத்தில்.
ஆணி அடிக்கும்போது சத்தம்
கொஞ்சம் அதிகமாகக் கேட்டது.

பதினேழு நாள்.
ஒருவரும் வரவில்லை.
மாட்டினார்களா? மாட்டியதைப் பார்த்தார்களா?
இல்லை, வீட்டுப் படத்தை
யாரும் பார்ப்பதே கிடையாதா?
பாக்கி முந்நூறு ரூபாயை
அமலோற்பவம் ஒரு பையனிடம் கொடுத்தனுப்பினாள்,
ஒரு வார்த்தை இல்லாமல்.

பதினெட்டாம் நாள் மழையோடு சவரிநாதன்.
"என்னோடது ரெண்டாவது எங்கே?
இதுல எவனோ கத்தியைத் தூக்குறான்.
கடுதாசி என்னாச்சு?"

"உங்க அக்காகிட்ட இருக்கும்.
போன் பண்ணிக் கேளுங்க."

"நம்பர் கிடையாது."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து
பத்து எண்ணையும் பெரிதாக எழுதிக் கொடுத்தேன்.
வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்,
நெடுநேரம்.
பிறகு தாளை நாலாக மடித்தார்.
அதை மடித்த விதம்
முதல் படத்தில் அவள் மடித்தது போலவே இருந்தது.

கண்ணாடி வெட்ட உள்ளே போவதுபோல்
கடையின் பின்திரைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டேன்.

வாசல் கூரைக்குக் கீழே நிற்கிறார்.
தாளைப் பிரிக்கிறார், மடிக்கிறார்.
சைக்கிள் முன்சக்கரம்
பாலத்தின் பக்கம் பாதி திரும்பி நிற்கிறது.
மழை கோடு கோடாக இறங்குகிறது.

திரை தரை வரைக்கும் வராது.
இங்கிருந்து என் செருப்பு
அவருக்குத் தெரியும்.